லுட்விக் குட்மனின் அளவுகோல்

2016ஆம் ஆண்டு ரியோ பாராலிம்பிக் போட்டியில் ரிட்சுவான் புஸி, சியாட் சொல்கெஃப்லி, அப்துல் லத்திப் ரொம்லி ஆகிய மூவரும் மலேசியாவுக்குத் தங்கம் வென்றது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அந்தப் போட்டிகளுக்கு வித்திட்டவர் சர் லுட்விக் குட்மன் என்பதைப் பொது அறிவுப் புதிர்ப் போட்டிக்காக மனப்பாடம் செய்தவர்களும் இருப்பீர்கள். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அந்த இடத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

நான் மறுவாழ்வுச் சிகிச்சைத் துறையில் வேலை செய்கிறவன். நோயாளிகளுக்குப் புள்ளி போடுவது என் அன்றாட வேலையில் ஒரு பகுதி. தானே சட்டை மாட்ட முடிகிறதா, கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாறும்போது எத்தனை பேர் பிடிக்க வேண்டியிருக்கிறது, சிறுநீர் கழிக்க என்ன ஏற்பாடு என்று ஒவ்வொன்றாகப் பார்த்து எண்களாக எழுதுவோம். அதனால் குட்மனின் வாழ்க்கையில் என்னைப் பிடித்து இழுப்பது பதக்கங்களுக்கு முந்திய கதைதான். தண்டுவடம் அடிபட்ட ஒருவர் தேறியிருக்கிறார் என்று எதை வைத்துச் சொல்வது? இந்தக் கேள்வியோடு அவர் ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் வாழ்ந்தார்.

குட்மன் 1899ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் தேதி டோஸ்ட் என்ற சிற்றூரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அப்போது அது ஜெர்மனியில் இருந்தது. இன்று போலந்தில் இருக்கிறது. அவர் சிறுவனாக இருக்கும்போதே குடும்பம் கோனிக்ஸ்ஹூட்டே என்ற சுரங்க நகரத்துக்குக் குடிபெயர்ந்தது. நிலக்கரிச் சுரங்கம் இருக்கும் ஊரில் விபத்துக்கும் பஞ்சமிருக்காது. 1917ஆம் ஆண்டு, முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், அங்கிருந்த விபத்து மருத்துவமனையில் அவர் தொண்டூழியராகச் சேர்ந்தார்.

ஒரு நாள் முதுகெலும்பு முறிந்த இளம் சுரங்கத் தொழிலாளி ஒருவரைக் கொண்டுவந்தார்கள். நல்ல கட்டுமஸ்தான உடல். ஆனால் இடுப்புக்குக் கீழ் அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. குட்மன் வழக்கம்போல் நோயாளியின் விவரங்களைக் குறிப்பெடுக்கத் தொடங்கியபோது, அதெல்லாம் வேண்டாம், இவர் சில வாரங்களில் இறந்துவிடுவார் என்று மூத்தவர்கள் தடுத்துவிட்டார்கள். ஐந்து வாரங்களில் அந்தத் தொழிலாளி இறந்தார். தன்னால் மறக்க முடியாமல் போன நோயாளி என்று குட்மன் பிற்காலத்தில் அவரைத்தான் குறிப்பிட்டு வந்தார்.

அவர் எதனால் இறந்தார் என்பதை நீங்கள் புரிந்துகொண்டால் மற்றது எளிதாகப் புரியும். தண்டுவடம் என்பது மூளையிலிருந்து முதுகெலும்புக்குள் இறங்கும் நரம்புக் கற்றை. அது அறுந்தால் அதற்குக் கீழே கட்டளையும் போகாது, செய்தியும் வராது. நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து இதைப் படிக்கும்போதே, அறியாமல் பல முறை அசைந்து உட்கார்ந்திருப்பீர்கள். உணர்ச்சி இல்லாதவர் அப்படி அசைவதில்லை. ஒரே இடத்தில் எடை அழுந்தினால் அங்கே இரத்த ஓட்டம் நின்று, சில மணி நேரத்திலேயே தோலும் சதையும் சாகத் தொடங்கும். அதுதான் படுக்கைப் புண். சிறுநீர்ப்பைக்கும் கட்டளை போகாததால் சிறுநீர் தேங்கி, கிருமி பெருகி, சிறுநீரகம் வரை ஏறும். இரண்டு வழியிலும் கிருமி இரத்தத்தில் கலக்கும். அந்தச் சுரங்கத் தொழிலாளியைக் கொன்றது முறிந்த எலும்பு அல்ல. புண்ணும் சிறுநீர்த் தொற்றும்தான் கொன்றன. இரண்டும் தடுக்கக்கூடியவை. அந்தக் காலத்து மருத்துவர்களோ முடிவு தெரிந்த நோய் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். கையைக் கட்டிக்கொண்டு நின்றதால் முடிவும் அவர்கள் சொன்னபடியே வந்தது.

குட்மன் 1918இல் பிரெஸ்லாவ் நகரில் மருத்துவப் படிப்பைத் தொடங்கி, பிறகு ஃபிரைபர்க் பல்கலைக்கழகத்துக்கு மாறி, 1924இல் மருத்துவப் பட்டம் பெற்றார். குழந்தை மருத்துவத்தில் சேரத்தான் அவருக்கு விருப்பம். வேலை கிடைத்த இடமோ பிரெஸ்லாவில் ஓட்ஃபிரிட் ஃபோர்ஸ்டரின் நரம்பியல் பிரிவு. ஃபோர்ஸ்டர் அன்றைய ஐரோப்பாவின் மிகப் பெரிய நரம்பியல் வல்லுநர்களில் ஒருவர், வேலை வாங்குவதில் கறாரானவர். அளந்து பார்க்காமல் எதையும் சொல்லக்கூடாது என்ற பழக்கம் குட்மனுக்கு அங்கேதான் ஊறியது என்பது என் எண்ணம். குவினிசாரின் என்ற பொடியைத் தோலில் தூவி, வியர்வை பட்ட இடம் ஊதா நிறமாக மாறுவதை வைத்து எந்த நரம்பு வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று வரைபடம் போலக் காணும் ஒரு சோதனையை அவர் உருவாக்கினார். நோயாளி வாயால் எதுவும் சொல்லத் தேவையில்லை. பொடியே சொல்லிவிடும்.

1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் யூத மருத்துவர்கள் அரசு மருத்துவமனைகளிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். குட்மன் பிரெஸ்லாவ் யூத மருத்துவமனைக்குப் போனார். 1937இல் அதன் தலைமை மருத்துவ இயக்குநரானார். 1938 நவம்பர் 9ஆம் தேதி இரவு, நாடு முழுவதும் யூதர்களின் வழிபாட்டு இல்லங்கள் எரிக்கப்பட்டன. ஆண்கள் கூட்டம் கூட்டமாகக் கைது செய்யப்பட்டார்கள். அன்றிரவு மருத்துவமனை வாசலுக்கு வருகிற ஆண் எவரையும் கேள்வி கேட்காமல் சேர்த்துக்கொள்ளும்படி குட்மன் ஊழியர்களுக்கு உத்தரவிட்டார். 64 பேர் சேர்ந்தார்கள். மறுநாள் கெஸ்டாப்போ காவலர்கள் வந்து இத்தனை பேருக்கு ஒரே இரவில் எப்படி நோய் வந்தது என்று விசாரித்தபோது, கட்டில் கட்டிலாக அவர்களை அழைத்துச் சென்று ஒவ்வொருவருக்கும் ஒரு நோயைச் சொன்னார். 60 பேர் தப்பினார்கள். நோயாளியின் குறிப்பேட்டில் எழுதப்படுவது உயிர் காக்கும் என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை. நோய்க் குறிப்பில் பொய் எழுதக்கூடாது என்று பாடம் நடத்தும் நான், இந்த ஒரு பொய்க்கு முழுப் புள்ளி தருவேன்.

1939இன் தொடக்கத்தில், போர்ச்சுகல் ஆட்சியாளர் சலசாரின் நண்பர் ஒருவருக்குச் சிகிச்சை அளிக்க நாஜி அரசே குட்மனை லிஸ்பனுக்கு அனுப்பியது. திரும்பும் வழியில் இங்கிலாந்தில் தங்குவதற்கான ஏற்பாடு கிடைத்தது. அகதிகளாக வரும் கல்விமான்களுக்கு உதவிய ஓர் அமைப்பு கைகொடுத்தது. அந்த ஆண்டு மார்ச் மாதம் மனைவி எல்ஸ, மகன் டென்னிஸ், மகள் ஈவா ஆகியோருடன் அவர் ஆக்ஸ்ஃபர்டு வந்து சேர்ந்தார். ஜெர்மனியில் முன்னணியில் இருந்த நரம்பு மருத்துவர், அங்கே நோயாளிகளுக்கு நேரடியாகப் பொறுப்பேற்க வழியில்லாமல் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தார். நான்கு ஆண்டுகளுக்கு மேல் அப்படியே ஓடின.

1943இல் பிரிட்டிஷ் அரசு அவரைக் கூப்பிட்டது. ஐரோப்பாவில் பெரும் படையெடுப்பு வரப்போகிறது, முதுகில் அடிபட்டு வரும் வீரர்கள் பெருகுவார்கள், அவர்களுக்குத் தனிப் பிரிவு வேண்டும். மற்ற மருத்துவர்கள் யாரும் விரும்பாத வேலை அது. முந்தைய போரில் அப்படி அடிபட்டவர்களில் பெரும்பாலானோர் பிழைக்கவில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. தன் போக்கில் நடத்த விட்டால் ஏற்கிறேன் என்று குட்மன் ஒப்புக்கொண்டார். 1944 பிப்ரவரி 1ஆம் தேதி, பக்கிங்ஹாம்ஷர் மாவட்டத்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் ஒரே ஒரு நோயாளியுடன் தண்டுவடக் காயப் பிரிவு திறக்கப்பட்டது.

அங்கே அவர் செய்தவற்றில் பளபளப்பாக எதுவும் இல்லை. நோயாளிகளை மார்பு முதல் இடுப்பு வரை மாவுக்கட்டுக்குள் அடைத்து வைக்கும் வழக்கத்தை நிறுத்தினார். மயக்க மருந்தைக் குறைத்தார். இரவும் பகலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஒவ்வொருவரையும் புரட்டிப் படுக்கவைக்கச் சொன்னார். சொன்னதோடு விடாமல் நள்ளிரவில் தானே வார்டுக்கு வந்து புரட்டினார்களா என்று பார்த்தார். சிறுநீர்க் குழாய் செருகும் வேலையைக் கிருமி நீக்கிய முறையில் மருத்துவர்களே செய்ய வேண்டும் என்று வற்புறுத்தினார். குழாயை நிரந்தரமாக உள்ளே விடாமல், நேரம் பார்த்துச் செருகி எடுக்கும் முறையைப் பின்பற்றினார். பல ஆண்டுகள் கழித்து, 1966இல், ஹான்ஸ் ஃபிராங்கெல் என்ற இளைய மருத்துவருடன் சேர்ந்து 476 நோயாளிகளின் கணக்கை வெளியிட்டார். அவர்களில் பாதிக்கும் அதிகமானோர் கிருமியில்லாத சிறுநீரோடு வீடு திரும்பியிருந்தார்கள். இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். அந்தச் சுரங்கத் தொழிலாளியை நினைத்துப் பாருங்கள்.

ஆக, முதல் அளவுகோல் உயிர். இரண்டாவது அளவுகோல் ஆறிய தோலும் தெளிந்த சிறுநீரும். பல மருத்துவர்கள் அதோடு நிறைவடைந்திருப்பார்கள். பிழைத்த ஆளை அடுத்த நாற்பது ஆண்டுகளுக்கு எங்கே வைப்பது என்ற கேள்வி குட்மனுக்கு அங்கேதான் தொடங்கியது. மருத்துவமனைக்குள்ளேயே தச்சுவேலை, கடிகாரம் பழுதுபார்த்தல் போன்றவற்றுக்குப் பட்டறைகள் வைத்தார். தம் நோயாளிகள் வேலைக்குப் போய் வரி கட்டுகிறவர்களாக வேண்டும் என்பது அவர் விருப்பம். உடற்பயிற்சிக்கு விளையாட்டைச் சேர்த்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி தடியால் பந்தடிக்கும் போலோவை முதலில் பார்த்தார். அது முரட்டுத்தனமாகப் போகவே அம்பெய்தலுக்கும் கூடைப்பந்துக்கும் மாறினார். அம்பெய்தலுக்குத் தோளும் முதுகின் மேற்பகுதியும் வலுப்பட வேண்டும், இடுப்பில் உணர்ச்சி இல்லாமலேயே நிமிர்ந்து உட்காரப் பழக வேண்டும். கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தன்னைத் தானே தூக்கி வைத்துக்கொள்ளத் தேவையானவையும் இவையே.

1948 ஜூலை 29ஆம் தேதி லண்டன் ஒலிம்பிக் தொடங்கியது. அதே நாளில் ஸ்டோக் மாண்டவில் புல்வெளியில் 14 ஆண்களும் 2 பெண்களும் சக்கர நாற்காலியில் அமர்ந்து அம்பெய்தார்கள். 1952இல் நெதர்லாந்து அணி வந்து அதை அனைத்துலகப் போட்டியாக்கியது. 1960இல் ரோம் நகரில் 23 நாடுகளிலிருந்து சுமார் 400 பேர் கூடினார்கள். முதல் பாராலிம்பிக் என்று இன்று எண்ணப்படுவது அதுதான். இந்தக் கதை உங்களுக்குத் தெரியும் என்பதால் வேகமாகக் கடந்துவிடுகிறேன்.

எனக்கு முக்கியமானது 1969ஆம் ஆண்டு. குட்மன் ஓய்வு பெற்றுவிட்டார். சர் பட்டமும் வாங்கிவிட்டார். அவர் தொடங்கிய மருத்துவ இதழில் ஃபிராங்கெலும் ஸ்டோக் மாண்டவில் மருத்துவர்கள் சிலரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். 600க்கும் மேற்பட்ட நோயாளிகள் வந்தபோது எப்படி இருந்தார்கள், போகும்போது எப்படி இருந்தார்கள் என்று ஒப்பிட அவர்களுக்கு ஒரு அளவுகோல் தேவைப்பட்டது. ஐந்து படிகள் வைத்தார்கள். ஏ என்றால் காயத்துக்குக் கீழ் அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. பி என்றால் உணர்ச்சி மட்டும் உண்டு. சி என்றால் அசைவு உண்டு, ஆனால் பயன்படாத அசைவு. டி என்றால் பயன்படும் அசைவு. இ என்றால் குணம்.

சிக்கும் டிக்கும் இடையில் உள்ள கோட்டைக் கவனியுங்கள். பயன் என்ற ஒரு சொல்தான் அந்தக் கோடு. கால் கட்டைவிரல் துடிப்பது மருத்துவருக்கு மகிழ்ச்சியாக இருக்கலாம். அதை வைத்து நோயாளி கழிப்பறைக்குப் போக முடியாது. அசைவு வேறு, பயன் வேறு என்று ஒரு மருத்துவ அளவுகோலிலேயே எழுதி வைத்தது பெரிய காரியம். ஆனால் எது பயன் என்று யார் முடிவு செய்வது? ஒரு மருத்துவருக்குச் சியாகத் தெரிபவர் இன்னொருவருக்கு டியாகத் தெரிவார். இந்தத் தகராறைத் தீர்க்க 1992இல் அமெரிக்கத் தண்டுவடக் காயச் சங்கம், காயத்துக்குக் கீழுள்ள முக்கியத் தசைகளில் பாதியாவது புவி ஈர்ப்பை எதிர்த்து அசைந்தால்தான் டி என்று வரையறுத்தது. கறாரான விதி, யார் அளந்தாலும் ஒரே விடை வரும். ஆனால் பயன் என்ற சொல் காணாமல் போய்விட்டது.

அது வேறு இடத்தில் திரும்பி வந்தது. 1997இல் இஸ்ரேலைச் சேர்ந்த அமிராம் காட்ஸ் என்ற மருத்துவரும் குழுவினரும் தண்டுவடக் காயமடைந்தவர்களுக்கென்றே 100 புள்ளி கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். தற்பராமரிப்புக்கு 20, நடமாட்டத்துக்கு 40, மூச்சுக்கும் சிறுநீர் மலக் கட்டுப்பாட்டுக்கும் 40. கடைசி 40ஐப் பார்த்துப் புதிய மாணவர்கள் முகம் சுளிப்பார்கள். குட்மன் பார்த்திருந்தால் சுளித்திருக்கமாட்டார்.

இப்படி நினைத்துக்கொள்ளுங்கள். தண்டுவடம் முழுமையாக அறுந்த ஒருவர் வருகிறார். ஃபிராங்கெல் படியில் ஏ. ஆறு மாதம் கழித்தும் ஏ தான். ஒரு நரம்புகூடத் திரும்பி வரவில்லை. ஆனால் இப்போது அவரே நேரம் பார்த்துச் சிறுநீர்க் குழாய் செருகிக்கொள்கிறார், இடையில் உடை நனைவதில்லை. அந்த ஒரு பிரிவில் மட்டும் பூச்சியத்திலிருந்து 11 புள்ளிக்கு ஏறுகிறார். சினிமாவுக்குப் போகலாம், விரிவுரை மண்டபத்தில் உட்காரலாம். ஸ்டோக் மாண்டவில் வார்டில் இருந்தவர்களில் மிகப் பலர் இப்படிப்பட்டவர்கள்தான். நரம்பை மட்டும் அளந்திருந்தால் அவர்கள் எவருக்கும் முன்னேற்றமே இல்லை என்றுதான் எழுதியிருப்பார்கள்.

எத்தனை புள்ளி ஏறினால் அதை உண்மையான முன்னேற்றம் என்று சொல்லலாம்? அளப்பவரின் கைத்தவறாலும் ஓரிரு புள்ளி ஏறி இறங்கும். 1989 முதல் மருத்துவ ஆய்வாளர்கள், நோயாளிக்குப் பொருட்படுத்தத்தக்க மிகக் குறைந்த மாற்றம் என்று ஒன்றைத் தேடத் தொடங்கினார்கள். தண்டுவட அளவுகோலுக்கு இத்தாலிய ஆய்வாளர்கள் 2013இல் விடை சொன்னார்கள்: 4 புள்ளி ஏறினால் சிறிய முன்னேற்றம், 10 ஏறினால் கணிசமான முன்னேற்றம். புதிய மருந்தையோ கருவியையோ சோதிக்கும்போது இந்த எண்கள் மிகவும் தேவை. இல்லாவிட்டால் விளம்பரக்காரர்கள் அரைப் புள்ளியைக்கூட அதிசயம் என்று விற்றுவிடுவார்கள்.

ஆனால் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்குப் பிறர் உதவியோடு மாறியவர், உதவியே இல்லாமல் மாறக் கற்றால் அந்த அளவுகோலில் கூடுவது 1 புள்ளி மட்டும். அந்த ஒரு புள்ளிக்காகத் தாயோ மனைவியோ வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்திருக்கக்கூடும். 4 என்ற எல்லைக்குள் அது வராது. எண் என்ன சொன்னாலும், அந்த வீட்டில் ஒருவர் மறுபடியும் வேலைக்குப் போகிறார். நோயாளிகளைக் கேட்டாலும் விடை நம் எதிர்பார்ப்பிலிருந்து விலகித்தான் வருகிறது. 2004இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், கை கால் நான்கும் செயலிழந்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் தங்களுக்கு முதலில் திரும்ப வேண்டியது கையின் அசைவு என்றார்கள். நடப்பதைத்தான் எல்லாரும் கேட்பார்கள் என்று நடக்கிறவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

குட்மனின் அளவுகோலிலும் எனக்கு முழு உடன்பாடு இல்லை. வரி கட்டுகிறவராக ஆவதுதான் தேறுதல் என்றால், கழுத்தில் அடிபட்டு எந்த வேலைக்கும் போக முடியாதவர் எங்கே நிற்பார்? பிறர் கையால் உண்டாலும் எப்போது, எதை, எப்படி என்று தானே முடிவு செய்கிறவரும் தன் வாழ்க்கையைத் தானே நடத்துகிறவர்தான். அதற்கு அன்றும் புள்ளி இல்லை, இன்றும் இல்லை. குட்மன் அதட்டுவார், விவாதத்துக்கு இடம் தரமாட்டார். நோயாளிகள் அவரை அப்பா என்ற பொருளில் பாப்பா என்று அழைத்தார்கள். அதில் பாசமும் இருந்தது, பயமும் இருந்தது. முறிந்த முதுகெலும்பை அறுவை சிகிச்சையால் உடனே சரிசெய்வதை அவர் கடுமையாக எதிர்த்தார். அந்த வழக்கு அவருக்குப் பிறகும் நீண்டது. அவருடைய போட்டிகளிலும் நெடுங்காலம் தண்டுவடப் பாதிப்பு உள்ளவர்களுக்கு மட்டுமே இடம் இருந்தது. கை கால் இழந்தவர்களும் பார்வையற்றவர்களும் 1976இல் டொரோண்டோவில்தான் சேர்ந்தார்கள்.

அதே 1976இல் அறிவியலாளர்களின் உயர்ந்த அமைப்பான ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1979 அக்டோபரில் மாரடைப்பு வந்தது. 1980 மார்ச் 18ஆம் தேதி குட்மன் காலமானார். மூன்று மாதம் கழித்து நெதர்லாந்தின் ஆர்னெம் நகரில் பாராலிம்பிக் நடந்தது. மூளை முடக்குவாதம் உள்ள விளையாட்டாளர்கள் முதன்முறையாக அதில் களமிறங்கினார்கள். 36 ஆண்டுகள் கழித்து ரியோவில் ரிட்சுவான் புஸி 100 மீட்டர் ஓட்டத்தில் முதலாவதாக வந்தது அந்தப் பிரிவில்தான்.